கிடாரில் கை ஒரே இடத்தில் சிக்குகிறதா? பாட்டை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பிடியுங்கள்

தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன், ஆறு மாதமாக ஒரு முன்னேற்றமும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கிடாரை எடுத்து டியூன் பண்ணி, நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டை வாசித்துவிட்டு, புதிதாகப் பழகும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்து, வழக்கமாகச் சிக்கும் இடத்தில் சிக்கி, மறுபடி முதலிலிருந்து. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் வாசித்தேன். ஒரு சினிமாப் பாட்டின் இடையிசையில் எட்டாவது பார் (தாளத்தின் ஒரு சுற்று) வந்தால் கை நின்றுவிடும். அந்த எட்டாவது பாரைச் சரி செய்வதற்காக முந்தைய ஏழு பாரையும் நூற்றுக்கணக்கான தடவை வாசித்திருக்கிறேன். அந்த ஏழும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டன, எட்டாவது அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு தடவை முழுதாக வாசிப்பதில் சிக்கலான இடத்தில் என் கை இருந்த நேரம் இரண்டு விநாடிகூட இல்லை. ஒரு மணி நேரம் பயிற்சி என்று நான் நினைத்ததில் உண்மையான பயிற்சி இரண்டு மூன்று நிமிடம்தான். அதிலும் பாதிக்கு மேல் தப்பாக வாசித்தது.

தப்பாக வாசித்தது என்று சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. கைக்கு எது சரி எது தப்பு என்று தெரியாது, திரும்பத் திரும்ப எதைச் செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். எட்டாவது பாரில் ஒரு கணம் தயங்கி, விரலைத் தேடி, பிறகு வைப்பது என்பதையே நான் நூறு தடவை செய்திருந்தால், அந்தத் தயக்கமும் சேர்ந்துதான் கையில் பதிந்திருக்கும். ஆகவே பயிற்சி என்பது எவ்வளவு நேரம் என்பதைவிட, கை எதைத் திரும்பச் செய்கிறது என்பதை நாம் கட்டுக்குள் வைத்திருக்கிறோமா என்பதுதான். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒரு விஷயத்தை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பது பற்றித்தான்.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது

"எனக்கு எஃப் கார்ட் வராது" என்று சொல்வார்கள். (கார்ட் என்பது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டும் பிடி, சி, எஃப் எல்லாம் அவற்றின் பெயர்கள்.) சரி, எஃப் பிடி என்றால் ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு பிடிப்பார்கள், சத்தமும் ஓரளவு வரும். அப்படியென்றால் எஃப் வராமல் இல்லை. சியிலிருந்து எஃபுக்குப் போகும் வழிதான் வரவில்லை. கிடாரில் ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இப்படித்தான், ஒரு கார்டிலோ ஒரு ஸ்வரத்திலோ இருப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை நகரும் அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கிறது. எனவே முதல் வேலை, எங்கே சிக்குகிறது என்பதை "இந்தப் பாட்டு", "இந்த இடையிசை" என்று பெரிதாகச் சொல்லாமல், "இந்த விரல் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்குப் போகும்போது" என்று சொல்லும் அளவுக்குச் சுருக்குவது. அவ்வளவு சின்னதாகச் சொல்ல முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் சித்தி பையன் பொங்கல் விடுமுறையில் வந்திருந்தபோது கூட உட்கார்ந்து பார்த்தேன். சியிலிருந்து எஃபுக்கு மாறும்போது அவன் மூன்று விரலையும் கம்பியிலிருந்து முழுதாகத் தூக்கி, ஒரு அங்குலம் வெளியே கொண்டுபோய், கழுத்தைக் குனிந்து பார்த்து, ஆள்காட்டி விரலை முதலில் படுக்க வைத்து, பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்களை இறக்கினான். "அண்ணா, வேகமா மாத்த வரல" என்றான். வேகத்தில் ஒரு குறையும் இல்லை, அவன் விரல்கள் போன பாதைதான் நீளம்.

முதலில் முழு எஃபை மறந்துவிடச் சொன்னேன். கம்பிகளைக் கீழே இருக்கும் மெல்லியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி, அவற்றுக்கு நடுவில் விரல் வைக்கும் இடத்தையும் அப்படித்தான் சொல்வோம். சி கார்டில் மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட். இப்போது ஆள்காட்டி விரலை அசைக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு, மோதிர விரலை அதே மூன்றாம் ஃப்ரெட்டில் நான்காம் கம்பிக்கும், நடுவிரலை அதே இரண்டாம் ஃப்ரெட்டில் மூன்றாம் கம்பிக்கும் நகர்த்துங்கள். இரண்டு விரலும் ஒரே ஒரு கம்பி தள்ளிப் போகின்றன, ஃப்ரெட் மாறவில்லை, அவ்வளவுதான். கீழ் நான்கு கம்பியை மட்டும் மீட்டினால் எஃப் மேஜர் செவன் கிடைக்கும். ஆள்காட்டி விரல் நகராமல் இருப்பதால் மற்ற இரண்டுக்கும் அது ஒரு தாங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. அவன் அரை மணி நேரத்தில் இதைத் தடங்கல் இல்லாமல் மாற்ற ஆரம்பித்தான். அடுத்த நாள் ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் சாய்த்து முதல் கம்பியையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன், அது சின்ன எஃப். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தும் முழு பார்ரே எஃபுக்கு அதன் பிறகு வந்தால் போதும்.

முழு எஃப் பற்றி இன்னொன்று. அதைக் கற்றுக்கொள்ள முதல் ஃப்ரெட்தான் கிடாரிலேயே மோசமான இடம், ஏனென்றால் நட்டுக்கு (கழுத்தின் தலைப் பக்க முனையில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும், அங்கே அழுத்துவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். அதே விரல் அமைப்பை அப்படியே ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் அது ஏ மேஜர், அங்கே பாதி பலம் போதும் என்று தோன்றும். ஐந்தில் ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசும் வரை பழகி, பிறகு நான்கு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் எளிதாக வருவது முதல் ஃப்ரெட்டில் மட்டும் உயிரை வாங்குகிறது என்றால் உங்கள் கிடாரின் நட் உயரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்து, ஃப்ரெட்டின் மேல்பக்கத்துக்கும் ஆறாம் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டிப் போனால் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து செட்டப் பண்ணிக்கொள்ளுங்கள். முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ள செட் போட்டிருந்தால் 0.010 அல்லது 0.011 செட்டுக்கு மாறுவதும் உதவும். கிடாரில் இருக்கும் குறையைத் தன் கையின் குறை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எவ்வளவு அழுத்துகிறீர்கள்?

கிட்டத்தட்ட எல்லோருமே தேவைக்கு மேல் அழுத்துகிறோம். இதைச் சரி பார்க்க ஐந்து நிமிடம் போதும். நடுவிரலை மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில், ஃப்ரெட் கம்பிக்கு மிக அருகில், சும்மா தொட்டுக்கொண்டு வையுங்கள். அழுத்த வேண்டாம். வலது கையால் கம்பியைத் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டக் டக்' என்று செத்த சத்தம் வரும். இப்போது மெதுவாக, மிக மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சத்தம் கரகரப்பாக மாறும், இன்னும் கொஞ்சம் போனால் திடீரென்று தெளிவாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் தேவையான அழுத்தம். நான் முதல் தடவை இதைச் செய்தபோது நம்பவே முடியவில்லை, நான் வழக்கமாக அழுத்துவதில் பாதிகூட இல்லை. விரலை ஃப்ரெட்டின் நடுவில் வைத்து அதே சோதனையைச் செய்து பாருங்கள், தெளிவான சத்தத்துக்கு இன்னும் பலம் தேவைப்படும். ஆக, விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைப்பது அழகுக்குச் சொல்வதில்லை, கையின் உழைப்பு குறைகிறது. அழுத்தம் குறைந்தால் விரலைச் சீக்கிரம் விட முடியும், சீக்கிரம் விட முடிந்தால் சீக்கிரம் மாற முடியும். வேகத்தின் பெரும்பகுதி இங்கே ஒளிந்திருக்கிறது.

மெட்ரோனோமும் மூன்று காலமும்

தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் என்றால் பலருக்கு வெறுப்பு. அதற்குக் காரணம் அதைத் தப்பாகப் பயன்படுத்துவதுதான் என்று நினைக்கிறேன். பாட்டு 96 பி.பி.எம் (நிமிடத்துக்கு 96 தட்டு) என்றால் 96ல் வைத்துத் துரத்துகிறார்கள். நான் செய்வது வேறு. சிக்கும் இடத்தை மட்டும், ஐந்தாறு ஸ்வரம் அல்லது இரண்டு கார்ட், எடுத்துக்கொள்வேன். பாதி வேகத்தில், 48ல் வைத்து ஆரம்பிப்பேன். அங்கேயும் தப்பு வந்தால் 40. ஒரு தப்பும் இல்லாமல், முகத்தைச் சுளிக்காமல், தோளைத் தூக்காமல் எந்த வேகத்தில் வருகிறதோ அதுதான் இன்றைய வேகம். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாக வந்தால் 4 கூட்டுவேன். இரண்டு தடவை தொடர்ந்து தப்பினால் 8 குறைப்பேன். தப்பின பிறகு அதே வேகத்தில் முட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அது தப்புக்குத்தான் பயிற்சி.

கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இன்னொரு வழி ஏற்கெனவே தெரியும், அதைக் கிடாரில் பலரும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவோம் இல்லையா? தாளம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மெட்ரோனோமை 50ல் வைத்துவிட்டு, பழகும் துண்டை இதே மாதிரி மூன்று காலத்தில் வாசியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டும்போது எங்கே கை இறுக ஆரம்பித்தது என்று கவனிக்க முடியாது, சூடு ஏறும் தண்ணீரில் கை வைத்த மாதிரி பழகிவிடும். இரண்டாம் காலத்திலிருந்து மூன்றாம் காலத்துக்குத் தாவும்போது எந்த விரல் பின்தங்குகிறது என்பது உடனே பளிச்சென்று தெரியும்.

எண்ணுவதற்கும் நம்மிடம் இருப்பதே போதும். ஒரு தட்டில் நான்கு ஸ்வரம் வந்தால் வாயால் 'தகதிமி', மூன்று வந்தால் 'தகிட', ஐந்து வந்தால் 'தகதகிட' என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ஆரம்பத்தில் வாயும் கையும் சண்டை போடும். இரண்டு நாளில் சரியாகிவிடும். வாயால் சொல்ல முடியாத தாளத்தை விரல் வாசிப்பது அபூர்வம். எனக்கு ஒரு பாரில் தகிடவும் தகதிமியும் மாறி மாறி வரும் ஒரு இடம் வாரக்கணக்கில் குழப்பியது, கிடாரைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸில் போகும்போது தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன், அப்புறம் கிடாரில் தானாக வந்தது.

மெட்ரோனோமோடு ஒத்துப்போக ஆரம்பித்த பிறகு அதன் உதவியைக் கொஞ்சம் குறையுங்கள். 80ல் வாசிக்கும் துண்டுக்கு மெட்ரோனோமை 40ல் வைத்து, வரும் ஒலியை இரண்டாவது, நான்காவது தட்டாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் தட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. கார்ட் மாறும் இடத்தில் நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

இடது கையைத் திட்டுவதற்கு முன்னால் வலது கையைப் பாருங்கள்

மேலே சொன்ன எட்டாவது பாரில் என் இடது கையைத்தான் நான் இரண்டு வருடமும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு வலது கையில் இருந்தது. மூன்றாம் கம்பியில் மூன்று ஸ்வரம், அப்புறம் இரண்டாம் கம்பியில் மூன்று. பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) மேலும் கீழும் மாற்றி மாற்றி அடிக்கும்போது மூன்றாம் கம்பியில் கீழ், மேல், கீழ் என்று முடியும். அந்தக் கடைசிக் கீழடியோடு பிக் மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அடுத்தது இரண்டாம் கம்பியில் மேலடி. ஆனால் மேலடி அடிக்க பிக் இரண்டாம் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டுமே? அதனால் அது இரண்டாம் கம்பியைத் தாண்டிக் குதித்து, கீழே போய், திரும்பி வர வேண்டும். அந்தக் குதியில்தான் என் கை சிக்கிக்கொண்டிருந்தது. இடது கை பாவம், சரியான இடத்தில் காத்துக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: இடது கையை எடுத்துவிட்டு, திறந்த கம்பிகளிலேயே வலது கையின் அடிகளை மட்டும் வாசியுங்கள். மூன்றாம் கம்பி மூன்று அடி, இரண்டாம் கம்பி மூன்று அடி, அவ்வளவுதான். இதுவே தடுமாறினால் இடது கையை எவ்வளவு பழக்கினாலும் பயனில்லை. வலது கை தனியாகச் சரியாக வந்துவிட்டால், இடது கையைத் தனியாக, பிக் இல்லாமல் விரல்களை மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் சேருங்கள். பிக்கின் முனை கம்பிக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே சத்தம் வரும், ஆழமாக இறக்கினால் ஒவ்வொரு அடியிலும் பிக் கம்பியில் மாட்டி மாட்டித்தான் வெளியே வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெதுவாக வாசித்தால் வேகம் தானாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. மெதுவாக வாசிக்கும்போது கை எப்படி வேண்டுமானாலும் அசையலாம், முழங்கையிலிருந்து அடித்தாலும் சத்தம் சரியாகத்தான் வரும். வேகத்தில் அந்த அசைவு செல்லாது. அதனால் மெதுவான பயிற்சியோடு சேர்த்து, துண்டு துண்டாக முழு வேகத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தட்டுக்குரிய நான்கு ஸ்வரத்தையும் அடுத்த தட்டின் முதல் ஸ்வரத்தையும் மட்டும், அதாவது 'தகதிமி த', பாட்டின் உண்மையான வேகத்தில் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். கையைத் தளர்த்துங்கள், மூன்று தட்டு சும்மா இருங்கள். மறுபடி ஒரு தடவை. ஐந்து ஸ்வரம் என்பதால் கை இறுகுவதற்கு நேரம் இருக்காது. அந்த வேகத்தில் மணிக்கட்டு எப்படி அசைகிறதோ அதே அசைவை எடுத்துக்கொண்டுபோய் மெதுவான பயிற்சியில் செய்யுங்கள். இந்தப் போக்குவரத்துதான் எனக்கு மிக அதிகமாகப் பலன் கொடுத்தது, மற்ற எதையும்விட.

கலந்து பழகுங்கள், நடுவில் நிறுத்துங்கள், தூங்குங்கள்

ஒரே விஷயத்தை இருபது நிமிடம் தொடர்ந்து தேய்த்தால் கடைசியில் பிரமாதமாக வரும். மறுநாள் காலையில் எடுத்தால் பாதி காணாமல் போயிருக்கும். இந்த ஏமாற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இதற்கு ஆய்வும் உண்டு. 1979ல் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் வேகமாகத் தட்டி விழ வைக்க வேண்டும், மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைப் பழகியது, இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகமாக முன்னேறியது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். எனவே பயிற்சி நடக்கும்போது நன்றாக வருகிறது என்பதை வைத்து, கற்றுக்கொண்டுவிட்டோம் என்று முடிவு கட்ட முடியாது. நான் இப்போது மூன்று விஷயம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் என்று டைமர் வைத்து, சுற்றிச் சுற்றி வருகிறேன். சி-எஃப் மாற்றம் நான்கு நிமிடம், எட்டாவது பார் நான்கு நிமிடம், ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) நான்கு நிமிடம், திரும்ப சி-எஃப். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் மறந்துபோன மாதிரி இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். அந்த மறதியிலிருந்து திரும்ப எடுக்கும் முயற்சிதான் பதிய வைக்கிறது.

நடுநடுவே சில விநாடிகள் சும்மா இருப்பதற்கும் அர்த்தம் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019ல் வெளிவந்த ஆய்வில், பத்து விநாடி விரலால் தட்டுவது, பத்து விநாடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்ய வைத்தபோது, ஆரம்பக் கட்ட முன்னேற்றம் அந்தச் சின்ன ஓய்வுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது, இருந்தாலும் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு ஒரு மூச்சு எடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, இறுக்கம் கழன்றுவிடும். தூக்கம் பற்றி 2002ல் தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கரின் குழு செய்த ஆய்வு இன்னும் நன்றாக அறியப்பட்டது: விரலால் தட்டும் ஒரு வரிசையைப் பழகியவர்கள், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமல், ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட தினமும் அரை மணி நேரம் மேல். ஏழு இரவு கிடைக்கிறது.

தினமும் உட்கார ஒரே தந்திரம்தான் எனக்குத் தெரியும், கிடாரைப் பையில் போட்டு பரணில் வைக்காதீர்கள். கண்ணில் படுகிற இடத்தில் ஸ்டாண்டில் இருக்கட்டும். கடலோர ஊர் என்றால் வாசித்து முடித்ததும் கம்பியை ஒரு காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த கம்பியில் விரல் வழுக்காது, நீங்கள் உங்கள் விரலைத்தான் குறை சொல்வீர்கள்.

வலி

விரல் நுனி எரிவது ஆரம்பத்தில் இயல்பு. சில வாரத்தில் தோல் காய்த்துவிடும். அதற்கு மேல் மணிக்கட்டில் வலி, முன்கையில் இழுப்பு, விரல் மரத்துப்போவது, கூச்சம் எடுப்பது, இவை எதுவும் இயல்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். உடனே நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள், திரும்பவும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவர் வலித்தால்தான் வளரும் என்பார், அதை நம்பி ஒரு மாதம் கிடாரைத் தொட முடியாமல் இருந்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் மணிக்கட்டு அளவுக்கு மேல் மடங்கியிருப்பதுதான். கிடாரின் தலைப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு நேராகும். இடது காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை வைத்து, கிடாரை இடது தொடையில் உட்கார வைத்தாலும் நேராகிவிடும்.

போனில் பதிவு செய்யுங்கள்

வாசிக்கும்போது நம் காது பாதிதான் வேலை செய்யும், மீதிக் கவனம் விரலில் இருக்கும். அதனால் பயிற்சியின் கடைசியில் முப்பது விநாடி போனில் பதிவு செய்து உடனே கேளுங்கள். முதல் தடவை கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பொதுவாகக் கேட்பது இவைதான்: கார்ட் மாறும் இடத்தில் தாளம் இழுக்கிறது, மாறும் நேரத்தில் திறந்த கம்பி ஒன்று தேவையில்லாமல் ஒலிக்கிறது, கீழடி பலமாகவும் மேலடி மெல்லியதாகவும் இருக்கிறது. எல்லாவற்றையும் சரி செய்ய நினைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுங்கள், அதை ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். என் நோட்டில் நேற்றைய வரி இது: "எஃபுக்கு நடுவிரல் தாமதம், 66ல் சரி, 70ல் போகிறது." இன்று கிடாரை எடுத்தவுடன் என்ன பழக வேண்டும், எந்த வேகத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை.

என் அரை மணி நேரம் இப்படிப் போகிறது. முதல் மூன்று நான்கு நிமிடம் டியூன் பண்ணி, அழுத்தச் சோதனையோடு மெதுவாக விரலைச் சூடாக்குவது. அப்புறம் நான்கு நிமிடச் சுற்றுகள், மூன்று விஷயமும் இரண்டு இரண்டு தடவை என்றால் இருபத்து நான்கு நிமிடம் ஓடிவிடும். கடைசியில் பதிவும் அந்த ஒரு வரியும். அது முடிந்த பிறகு பாட்டு வாசிக்கிறேன், முதலிலிருந்து கடைசி வரை, தப்பு வந்தாலும் நிறுத்தாமல், ஆசை தீர. அது வேறு, பயிற்சி வேறு. இரண்டையும் கலக்காமல் இருப்பதால் இரண்டுமே நன்றாக நடக்கிறது. சித்தி பையன் போன வாரம் ஒரு ஆடியோ அனுப்பியிருந்தான், சி, ஏ மைனர், எஃப், ஜி, மெட்ரோனோம் 72ல். எஃபில் முதல் கம்பி இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. தாளம் எங்கேயும் நிற்கவில்லை.